பிக்கப்பை உயர்த்தும் முன்: ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும் பொருத்தம் பார்ப்பது எப்படி

"அண்ணே, வண்டியை 2 இன்ச் ஏத்தணும். எந்த ஷாக் நல்லது?"

பிக்கப் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேள்வியின் வரிசையே தலைகீழ். எத்தனை இன்ச் என்பது கடைசியில் தானாக வந்து நிற்கும் விடை. முதலில் தெரிய வேண்டியது வண்டியின் எடை. எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் அடுத்தது. அந்த ஸ்பிரிங்கை அடக்கி ஆளும் ஷாக் (ஷாக் அப்சார்பர்) அதற்கும் அடுத்தது. இந்த வரிசையில் போனவர்கள் ஒரு தடவை செலவு செய்தார்கள். ஷாக்கில் ஆரம்பித்தவர்கள் (நானும்தான்) இரண்டு தடவை செலவு செய்தோம்.

இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். முன்னால் இரட்டை விஷ்போன் கை (சக்கரத்தைப் பிடிக்க மேலே ஒன்று, கீழே ஒன்று), அதன் நடுவே காயில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட். பின்னால் ஒரே அச்சு, லீஃப் பட்டை (அடுக்கடுக்கான இரும்புப் பட்டையால் ஆன ஸ்பிரிங்). டொயோட்டா ஹைலக்ஸும் இதே அமைப்புதான், அதனால் கணக்கு அதற்கும் பொருந்தும். டாடா செனான் போல முன்னால் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) உள்ள வண்டிக்கு 4-வது, 8-வது பகுதிகளும் ஸ்ட்ரட் பற்றிச் சொல்வதும் பொருந்தாது, மற்றவை பொருந்தும்.

1. ஸ்பேனரைத் தொடும் முன்

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. தேய்ந்த ஷாக்கை வேறு கம்பெனி ஷாக்காக மாற்றுவது ஒன்று, வண்டியின் உயரத்தையே மாற்றுவது வேறொன்று. உங்கள் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுவிட்டு இறங்குங்கள். வாரன்டி காலம் முடியவில்லையென்றால், முன் ஆக்ஸில் பக்கம் எது போனாலும் பழி உங்கள் ஸ்பிரிங் மேல்தான் விழும்.

இன்னொன்று. கனமான பட்டை போட்டுவிட்டால் அதிக பாரம் ஏற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆர்சியில் எழுதிய மொத்த எடை ஒரு கிலோ கூட ஏறாது. பிரேக், அச்சு, சேஸ் எல்லாம் பழையதுதானே?

கையில் இருக்க வேண்டியவை: இரும்பு டேப், நோட்டு, டயர் காற்று அளவி, டார்க் ரெஞ்ச், இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும் ஸ்டாண்டு ஒரு ஜோடி, உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவலில் உள்ள போல்ட் டைட் அளவுகள். ஸ்ட்ரட்டைப் பிரித்து ஸ்பிரிங் மாற்றும் வேலைக்கு, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் நல்ல கம்பிரசர் வேண்டும். அதைப் பற்றிப் பிறகு.

2. எடை மேடைக்குப் போங்கள்

நெல்லும் மணலும் ஏற்றும் ஊர் எதிலும் ஒரு எடை மேடை இருக்கும். சின்னக் கட்டணம்தான், கால் மணி நேர வேலை. இதைச் செய்யாமல் ஸ்பிரிங் வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது மாதிரி.

டேங்க் நிரம்ப டீசல் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் டீசல் சுமார் 0.83 கிலோ, ஆக 75 லிட்டர் டேங்க் நிரம்பினால் 60 கிலோவைத் தாண்டும். நீங்களும், வழக்கமாகக் கூட வருபவரும் உள்ளேயே உட்கார்ந்திருங்கள். மூன்று எடை எடுக்க வேண்டும்: முழு வண்டி, முன் சக்கரங்கள் மட்டும் மேடையில், பின் சக்கரங்கள் மட்டும் மேடையில். முன்னும் பின்னும் கூட்டினால் மொத்தத்துக்கு அருகில் வர வேண்டும். 30 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மேடைக்கும் தரைக்கும் மட்டம் சரியில்லை, அல்லது பிரேக் பிடித்தபடி நின்றிருக்கிறீர்கள். பிரேக்கை விட்டு, நியூட்ரலில் வைத்து மறுபடி எடுங்கள்.

இந்த எடையில் என்னென்ன சேர வேண்டும் என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை போகும் பெரிய பயணத்தின் பாரத்தை மனதில் வைத்து ஸ்பிரிங் எடுப்பார்கள். நான் கேட்பது வேறு: சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில் உங்கள் வண்டியில் என்ன இருக்கும்? எப்போதும் இறங்காத கனோபி (பின் தொட்டியை மூடும் கூடு), டூல் பெட்டி, ஸ்டெப்னி, வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் மோட்டார்) ஆகியவைதான் நிரந்தர பாரம். ஸ்பிரிங் அதற்குத்தான். எப்போதாவது ஏறும் பாரத்தை ஒரு ஓரமாகத் தனியாகக் குறித்து வையுங்கள்.

எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். முன் அச்சுக்கு முன்னால் 0.8 மீட்டர் தள்ளி, வின்ச்சும் அதன் தாங்கியுமாக 60 கிலோ பொருத்துகிறீர்கள் என்று வைப்போம். வி-கிராஸின் இரண்டு அச்சுக்கும் இடைவெளி 3,095 மி.மீ. துலாக்கோல் கணக்குப்படி முன் அச்சில் ஏறுவது 60 கிலோ அல்ல, ஏறக்குறைய 75. அந்த 15 கிலோ பின் அச்சிலிருந்து பிடுங்கப்பட்டது. அதேபோல், பாரம் ஏற்றும் பின் தொட்டியின் கடைசியில் பின் அச்சுக்கு அப்பால் வைக்கும் பாரம் முன்பக்கத்தைத் தூக்கும். அதனால்தான் சாமானை மாட்டிவிட்டு எடை போடச் சொல்கிறேன். இன்னும் வாங்கவில்லை என்றால் அதே எடைக்கு மணல் மூட்டையை அதே இடத்தில் கட்டிப் பார்த்தாலும் போதும்.

3. நான்கு மூலையும் அளந்து எழுதுங்கள்

சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளக்கக் கூடாது. தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கில் புகுந்துவிடும். ஸ்பிரிங் மாற்றிய வாரத்திலேயே டயரையும் மாற்றியவர்கள் "3 இன்ச் ஏறிடுச்சு" என்று சந்தோஷப்படுவது இப்படித்தான்.

மட்டமான சிமென்ட் தரை. டயரில் சரியான காற்று. வண்டியை ஜாக்கியில் ஏற்றி இறக்கியிருந்தால், கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு அளங்கள். புஷ்ஷும் (மூட்டுகளில் உள்ள ரப்பர்) டயரும் இழுத்துப் பிடித்திருக்கும்போது 10 மி.மீ. வரை பொய் சொல்லும்.

இடது வலது ஒரே அளவாக இருக்காது. ஸ்டியரிங், டிரைவர் எல்லாம் ஒரே பக்கம். 5 முதல் 10 மி.மீ. சரிவு சகஜம். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் எழுதி வையுங்கள், ஏனென்றால் புதிய ஸ்பிரிங் போட்ட பிறகு "ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கு" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும்போது இந்தப் பழைய எண்தான் சாட்சி. சில கிட்களில் வலது, இடது ஸ்பிரிங் தனித்தனி எண்ணோடு வருவதும் இதற்காகத்தான்.

இன்னும் இரண்டு அளவு வேண்டும், இவற்றை எடுப்பவர்கள் குறைவு. பின்பக்கம் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் (அச்சு மேலே வந்து சேஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) அச்சுக்கும் உள்ள இடைவெளி. பின் ஷாக்கின் மேல் கண்ணிலிருந்து (போல்ட் மாட்டும் துளை) கீழ்க் கண் வரை, வண்டி நிற்கும் நிலையில் உள்ள நீளம். 6-வது பகுதியில் இவை இல்லாமல் நகர முடியாது.

4. முன் ஸ்பிரிங்

ஸ்பிரிங்கின் விறைப்பு என்பது அதை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது. சில கம்பெனி நியூட்டனில் தரும், சில கிலோவில், அமெரிக்கக் கம்பெனிகள் பவுண்டும் இன்ச்சுமாகத் தரும். ஒரு மி.மீ.க்கு ஒரு கிலோ என்றால் 9.8 நியூட்டன், ஓர் இன்ச்சுக்கு 56 பவுண்டு. இரண்டு கம்பெனி ஸ்பிரிங்கை ஒப்பிடும் முன் ஒரே அளவைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரட் சக்கரத்தின் மேல் உட்காரவில்லை. கீழ்க் கையின் நடுவே எங்கோ உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் 20 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் அதில் பாதியோ சற்றுக் கூடவோதான் அமுங்கும். எளிதாக இருக்கட்டும் என்று சரிபாதி என்றே வைப்போம். அப்படியானால் ஸ்பிரிங்கின் விறைப்பில் கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும், பாதி அல்ல. விசையும் பாதியாகிறது, நகர்வும் பாதியாகிறது. பாதியில் பாதி கால்.

சரி, கணக்கைப் போடுவோம். ஸ்பிரிங் ஒரு மி.மீ.க்கு 100 நியூட்டன் என்றால் சக்கரத்தில் 25. மேலே சொன்ன வின்ச்சால் முன் அச்சில் 75 கிலோ ஏறியது. ஒரு சக்கரத்துக்கு 38 கிலோ, அதாவது ஏறக்குறைய 370 நியூட்டன். 370-ஐ 25-ஆல் வகுத்தால் 15 மி.மீ. வின்ச் மாட்டியதும் வண்டி அவ்வளவு இறங்கும். 40 மி.மீ. உயரும் என்று எழுதிய பெட்டியைப் பிரித்துப் பொருத்தினால் உங்களுக்குக் கிடைப்பது 25. பெட்டியில் எழுதியது பொய்யல்ல. அது வெறும் வண்டிக்கான எண்.

அதனால்தான் நல்ல கம்பெனிகள் ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று முன் ஸ்பிரிங் வைத்திருக்கின்றன: கூடுதல் பாரம் இல்லாத வண்டிக்கு ஒன்று, 50 கிலோ வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று. ஓல்டு மேன் ஈமு, டஃப் டாக், ஐயர்ன்மேன் போன்ற ஆஸ்திரேலியக் கம்பெனிகளின் பட்டியலைப் பார்த்தால் இந்தப் பிரிவு தெளிவாக இருக்கும். உங்கள் எடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் நான் மெலிந்ததையே எடுப்பேன். உயரம் 5 மி.மீ. குறைந்தால் யாருக்கும் தெரியாது. விறைப்பு கூடினால் முதுகுக்குத் தினமும் தெரியும்.

உயரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. முன்பக்கம் 40 முதல் 50 மி.மீ. வரை மேல் கையை மாற்றாமல் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் ஆக்ஸில் ஜாயின்ட்டின் (முன் சக்கரத்தைச் சுற்றும் தண்டின் மூட்டு) கோணம் கூடி அதன் ரப்பர் உறையான பூட் கிழியும், பால் ஜாயின்ட் எல்லைக்கு வரும், கேஸ்டர் (ஸ்டியரிங் திரும்பும் அச்சின் சாய்வு) குறைந்து ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. வேறு மேல் கை, டிஃப்பை (டிஃபரன்ஷியல்) இறக்கும் பிளாக் என்று செலவு சங்கிலி மாதிரி நீளும். தினசரி ஓட்டும் வண்டிக்கு 40-லேயே நிற்கச் சொல்வேன்.

5. பின் பட்டை

இங்கேதான் நான் அடிபட்டேன். பட்டைக் கட்டுகள் "நிரந்தரமாக 300 கிலோ", "நிரந்தரமாக 500 கிலோ" என்று பிரித்து விற்கப்படும். "300 எடுத்துக்கங்க, எதுக்கும் இருக்கட்டும்" என்றார் கடைக்காரர். எடுத்தேன். என் வண்டியின் தொட்டியில் அப்போது ஒரு தார்ப்பாயும் ஒரு கயிறும் மட்டும்தான். பின்பக்கம் 75 மி.மீ. ஏறி, வண்டி மூக்கு குத்தி நின்றது. ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் உட்கார்ந்தவர் தலை கூரையில் இடித்தது. ஐந்து மாதம் பொறுத்துவிட்டு, பட்டறையில் இரண்டு பட்டையைக் கழற்றி எடுத்தேன்.

"நிரந்தரமாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். 300 கிலோ வரை தாங்கும் என்று அதற்குப் பொருளல்ல. 300 கிலோ எப்போதும் இருந்தால்தான் சரியாக நிற்கும் என்று பொருள். தொட்டி பெரும்பாலும் காலி என்றால் சாதாரண பார வரிசைதான் உங்களுக்கு. அதிலேயே கீழே ஒரு தடித்த உதவிப் பட்டை இருக்கும். பாரம் ஏறும்போது மட்டும் அது வேலைக்கு வரும்.

எப்போதாவது ஏறும் பாரத்துக்கு ஏர் பேக் (அச்சுக்கும் சேஸுக்கும் நடுவே வைக்கும் காற்றுப் பை) போடலாமா என்று கேட்பார்கள். அளவோடு போடலாம். ஆனால் லீஃப் பட்டை சேஸை இரண்டு முனையில் தாங்குகிறது. ஏர் பேக் நடுவே ஒரே புள்ளியில் முட்டுகிறது. டபுள் கேப் வண்டியில் தொட்டியின் பின்னோரம் பாரத்தைக் குவித்து, பையில் காற்றை முழுக்க ஏற்றி, மோசமான சாலையில் ஓட்டியதால் கேபினுக்குப் பின்னால் சேஸே வளைந்த வண்டிகள் உண்டு.

செலவு குறைவான வழிகள் மூன்று. கூடுதல் பட்டை ஒன்றைச் செருகுவது: உயரமும் ஏறும், விறைப்பும் ஏறும், பட்டையின் வளைவு ஒத்துப் போகாவிட்டால் ஒரே இடத்தில் பாரம் விழுந்து மெயின் பட்டை உடையும். நீளமான ஷேக்கிள் (பட்டையின் முனையைச் சேஸோடு சேர்க்கும் இணைப்பு): 50 மி.மீ. கூட்டினால் பாதிதான், 25 மி.மீ. தான் ஏறும், அதோடு அச்சும் சற்றுத் திரும்பும். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே பிளாக்: விறைப்பு மாறாமல் உயரம் மட்டும் கூடும், ஆனால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அச்சு பட்டையை முறுக்கும் நெம்புகோல் நீளமாகிறது. ஒரு பிளாக்கின் மேல் இன்னொரு பிளாக்கை அடுக்குவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

6. ஷாக்கின் நீளம்

ஸ்பிரிங் முடிவான பிறகுதான் ஷாக். ஷாக் உயரத்தைத் தாங்குவதில்லை. கேஸ் அடைத்த மோனோ டியூப் (ஒற்றைக் குழாய்) ஷாக் தண்டை வெளியே தள்ளுவதால் சில மில்லிமீட்டர் ஏறலாம், அவ்வளவுதான்.

புதியவர்களின் கணக்கு இப்படிப் போகும்: வண்டி 40 மி.மீ. ஏறியது, அதனால் 40 மி.மீ. நீளமான ஷாக் வேண்டும். பாதி சரி. விரிந்த நீளம் கூட வேண்டும். அமுங்கிய நீளம் கூடக் கூடாது. வண்டியை எவ்வளவு உயர்த்தினாலும் பம்ப் ஸ்டாப் பழைய இடத்திலேயே இருக்கிறது. பெரிய பள்ளத்தில் விழும்போது அச்சு பழைய உயரம் வரை மேலே வந்துதான் தீரும்.

எண் வைத்துப் பார்ப்போம் (ஷாக்கின் சாய்வை விட்டுவிடுகிறேன்). பழைய நிலையில் ஷாக் நீளம் 480 மி.மீ. பம்ப் ஸ்டாப் இடைவெளி 80. ரப்பர் இன்னொரு 25 நசுங்கும். ஆக அச்சு முழுக்க ஏறும்போது ஷாக்குக்குக் கிடைக்கும் இடம் 480-இல் 105 போக 375. வண்டியை 40 ஏற்றிய பிறகு நிற்கும் நீளம் 520 ஆகிவிடும். அந்த 375 மாறாது.

இப்போது "2, 3 இன்ச் லிஃப்டுக்கு" என்று விற்கும் ஷாக் ஒன்றின் விரிந்த நீளம் 620, அமுங்கிய நீளம் 390 என்று வையுங்கள். ரப்பர் முழுக்க நசுங்குவதற்கு 15 மி.மீ. முன்பே ஷாக் உள்ளே முட்டிவிடும். அடி முழுவதும் ஷாக்கின் கண்ணிலும் சேஸில் உள்ள அதன் தாங்கியிலும் இறங்கும். நண்பர் ஒருவரின் வண்டியில் இப்படி முட்டி முட்டி மேல் தாங்கியின் வெல்டு பிளந்தது. "ஷாக் தரமில்லை" என்று திட்டிக்கொண்டிருந்தார். ஷாக் மேல் தப்பில்லை.

வழி என்ன? நீளமான ஷாக்கில் தண்டும் நீளம், அதை உள்வாங்கும் குழாயும் நீளம். அதனால் அமுங்கிய நீளமும் கூடத்தான் செய்யும். இதைத் தவிர்க்க முடியாது. பம்ப் ஸ்டாப்பைக் கீழே இறக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 15 மி.மீ., பாதுகாப்புக்கு இன்னொரு 10, ஆக 25 இறக்கினால் போதும். இறக்கிய பிறகும் அச்சு மேலே வர 120 மி.மீ. இடம் இருக்கிறது, பழைய வண்டியில் 105 தான் இருந்தது. இழப்பு எதுவுமில்லை.

விரியும் பக்கமும் பாருங்கள். பின் அச்சு தொங்கும்போது அதைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் ஷாக்தான். ஷாக் நீண்டால் அச்சு இன்னும் கீழே தொங்கும். அப்போது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடாமல் இருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி, அச்சை முழுக்கத் தொங்கவிட்டு, கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

முன் ஸ்ட்ரட்டுக்கு நீளத்தை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். உங்கள் மாடலுக்கென்றே வரும் ஸ்ட்ரட்டை எடுங்கள்.

7. ஷாக்கின் பிடி

அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரியத் துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்குவது ஷாக்கின் வேலை. அடக்கும் அந்த வலுவைத்தான் பிடி என்கிறேன். ஸ்பிரிங் விறைப்பு கூடினால் துடிப்பும் கூடும், ஆனால் நேர் விகிதத்தில் அல்ல, வர்க்கமூலக் கணக்கில். ஸ்பிரிங் 20 சதவீதம் விறைத்தால் ஷாக்கின் பிடி சுமார் 10 சதவீதம் கூட வேண்டும். கூடவே எடையும் 10 சதவீதம் ஏறியிருந்தால் 15.

இதிலிருந்து இரண்டு தவறுகள் புரியும். புதிய விறைப்பான ஸ்பிரிங், பழைய கம்பெனி ஷாக்: வேகத்தடை தாண்டியபின் வண்டி படகு மாதிரி ஆடிக்கொண்டே போகும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் ஒரு தடவை ஏறி இறங்கினால் கூட வருபவர் வாந்தி எடுத்துவிடுவார். பழைய ஸ்பிரிங், புதிய கனத்த ஷாக்: இது இன்னும் குழப்பும். ஒரு மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் விரிந்து முடிப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். ஒவ்வொரு மேட்டுக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அமர்ந்து கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் ஓடும். ஓட்டுபவர் "ஸ்பிரிங் விறைப்பா இருக்கு" என்பார். ஸ்பிரிங் பாவம், அதை விரியவே விடவில்லை.

எனவே ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே கம்பெனியில், ஒரே பார வரிசைக்கானதாக எடுப்பதே பாதுகாப்பு. கலந்துதான் போடுவேன் என்றால், ஷாக் கம்பெனியிடம் உங்கள் மாடல், ஸ்பிரிங்கின் விறைப்பு, முன் பின் அச்சு எடை மூன்றையும் கொடுத்துக் கேளுங்கள். மூன்றையும் கேட்டுவிட்டுப் பதில் சொல்பவரை நம்பலாம். எதுவும் கேட்காமல் "எல்லாத்துக்கும் செட் ஆகும்" என்பவரிடம் வாங்காதீர்கள்.

கைத்திருகால் பிடியை மாற்றும் ஷாக் தப்பான ஸ்பிரிங்கைச் சரிசெய்யும் மருந்தல்ல. பாரம் அடிக்கடி மாறுபவர்களுக்கு அது நல்லது. மற்றவர்கள் ஒரு வாரம் திருகி விளையாடிவிட்டு நடுவில் விட்டுவிடுகிறார்கள்.

8. ஸ்பேசர் பற்றி இரண்டு வார்த்தை

ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கும் 20 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்தில் 40 ஏற்றும். மலிவு, ஒரே மதியத்தில் முடியும். ஆனால் அது முழு ஸ்ட்ரட்டையும் கீழே தள்ளுகிறது. சக்கரம் தொங்கும்போது ஆக்ஸில் ஜாயின்ட் கூடுதலாகக் கோணும். ஏறும்போது ஸ்ட்ரட் சீக்கிரம் முட்டும். ஸ்பிரிங்குக்கு மேல் உள்ளே வைக்கும் வகையில் தொங்கும் எல்லை மாறாது, ஆனால் கீழ்நோக்கிய நகர்வு குறைந்து, சின்னப் பள்ளத்திலும் டொக் டொக் என்று தட்டும். புதிய உயரமான ஸ்பிரிங்கோடு ஸ்பேசரையும் சேர்த்துப் போடுவதுதான் இருப்பதிலேயே மோசம். சாய்வைச் சரிசெய்ய ஒரு பக்கம் மட்டும் 5 மி.மீ. வைப்பதை நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

9. பொருத்தும் வரிசை

பின்பக்கம் முதலில். அது எளிது, தவறினாலும் திருத்தலாம். சேஸை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சைத் தனியாக ஜாக்கியில் தாங்குங்கள். ஷாக், யூ போல்ட் (பட்டையை அச்சோடு கட்டும் வளைந்த போல்ட்), ஷேக்கிள் என்ற வரிசையில் கழற்றுங்கள். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒரு முறை இழுத்து டைட் செய்த மரை நீண்டுவிட்டிருக்கும். புதிய பட்டையின் சென்டர் போல்ட் தலை அச்சின் குழியில் சரியாக இறங்கியதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இறங்காமல் டைட் செய்தால் அச்சு கோணலாக நிற்கும், பிறகு எந்த அலைன்மென்ட்டும் உதவாது.

பெட்டியில் படுத்தே வந்த இரட்டைக் குழாய் ஷாக்கை நிமிர்த்தி ஐந்தாறு தடவை முழுக்க அமுக்கி விரியுங்கள். உள்ளே எண்ணெயோடு கலந்த காற்று மேலே போகட்டும். செய்யாவிட்டால் முதல் நாள் சத்தம் போடும். ஷாக் கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்பிவிடுவீர்கள்.

முன்பக்கம், ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது ஹப்பைக் கம்பியாலோ கயிற்றாலோ மேலே கட்டுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே பிளக்கும். வெளியே இழுத்தால் ஆக்ஸில் ஜாயின்ட் கழன்று வரும். ஸ்ட்ரட்டைப் பிரித்து ஸ்பிரிங் மாற்றுவதை வீட்டு வாசலில் செய்யாதீர்கள். அமுக்கிய ஸ்பிரிங்கில் பல நூறு கிலோ விசை அடைபட்டிருக்கிறது; இரண்டு கொக்கி உள்ள கைக் கம்பிரசர் நழுவினால் ஆள் காலி. நல்ல ஹைட்ராலிக் கம்பிரசர் உள்ள பட்டறையில் கொடுங்கள். கொடுக்கும் முன் மேல் போல்ட்டுக்கும் கீழ்க் கண்ணுக்கும் உள்ள கோணத்தைப் பெயிண்டால் குறித்து விடுங்கள். கோணம் மாறினால் திரும்ப மாட்டும்போது பாதி நாள் போய்விடும்.

இந்தப் பகுதியில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்கலாம் என்றால் இது: ரப்பர் புஷ் உள்ள எந்த போல்ட்டையும், பட்டைக் கண், ஷேக்கிள், ஸ்ட்ரட்டின் கீழ்க் கண், சக்கரம் தொங்கும்போது கடைசி டைட் செய்யக் கூடாது. அப்போதைக்குக் கையால் பிடித்து விடுங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, கொஞ்சம் உருட்டி, அதன் சொந்த எடையில் நிற்கும்போது டார்க் ரெஞ்சால் முடியுங்கள். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். தரையில் இறக்கியதும் முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் கிழியும். வண்டியும் சில மில்லிமீட்டர் உயரமாக நின்று உங்கள் அளவைக் கெடுக்கும்.

10. அதே நாளில் செய்ய வேண்டியவை

அலைன்மென்ட்டை "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று தள்ளாதீர்கள். முன்பக்கம் ஏறியதுமே டோ, கேம்பர், கேஸ்டர் என்ற முன் சக்கரக் கோணங்கள் மூன்றும் நகர்ந்துவிடும். அப்படியே நீண்ட பயணம் போனால் டயரின் ஓரம் தேய்ந்து திரும்புவீர்கள். கேஸ்டரை வசதியாக விட்டுவிட்டு டோவை மட்டும் திருத்தி அனுப்பும் கடைகள் உண்டு. திருத்துவதற்கு முன்னும் திருத்திய பின்னும் எடுத்த பிரின்ட் இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

ஹெட்லைட்டை இறக்குங்கள். எதிரே வருபவர் கண் கூசித் திட்டுவது உங்களுக்குக் கேட்காது.

பின் அச்சுக்கும் சேஸுக்கும் நடுவே ஒரு சிறு கம்பி பிரேக் வால்வில் போய்ச் சேர்கிறதா என்று குனிந்து பாருங்கள். சில பிக்கப்களில் உண்டு. பின்பக்கம் தாழ்ந்தால் பாரம் ஏறியது, உயர்ந்தால் காலி என்று புரிந்துகொண்டு பின் பிரேக்கின் அழுத்தத்தை அது மாற்றும். வண்டியை உயர்த்தியதும் "எப்போதும் காலி" என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். கம்பியை அதே அளவு சரிக்கட்ட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு பிரேக் பேடை மாற்றிக்கொண்டே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டுத்தான். காற்று கூடியிருந்தால் எந்த ஷாக்கும் கெட்ட பெயர் வாங்கும். நம் ஊரில் சோதனைத் தடத்துக்கா பஞ்சம்? ஒற்றை வேகத்தடை ஒன்றை 20 கி.மீ. வேகத்தில் தாண்டுங்கள். உடல் ஒரு முறை எழும்பி, இறங்கி, நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆடினால் விரியும் பக்கம் பிடி போதவில்லை. அடுத்து, வரிசையாக ஆறேழு பட்டை போட்ட தொடர் தடை. முதல் இரண்டும் பரவாயில்லை, கடைசி வரும்போது குலுக்கி எடுக்கிறது என்றால் பிடி அதிகம். 7-வது பகுதியில் சொன்ன மாதிரி வண்டி அமர்ந்துகொண்டே போகிறது. முதல் பட்டையே தூக்கிப் போட்டால் ஸ்பிரிங் கனம் அதிகம், அல்லது அமுங்கும் பக்கம் பிடி அதிகம்.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, 20 முதல் 40 கி.மீ. வேகத்துக்குள் தரையில் ஒரு நடுக்கம் வந்து மறைகிறதா? பின்பக்கம் உயர்ந்ததால் இரண்டு துண்டு புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறியிருக்கிறது. நடு பேரிங்கின் தாங்கியில் சின்ன ஸ்பேசர் வைத்து இறக்கினால் பெரும்பாலும் போய்விடும்.

11. 500, பிறகு 1,000

500 கி.மீ. ஓடியதும் யூ போல்ட்டைத் திரும்ப டைட் செய்யுங்கள். புதிய பட்டைகளின் பெயிண்ட் நசுங்கி, அடுக்கு இறுகி, நட்டு கட்டாயம் தளர்ந்திருக்கும். ஷாக் போல்ட், ஸ்ட்ரட் மேல் நட்டு எல்லாவற்றிலும் ரெஞ்சை ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.

1,000 கி.மீ.யில் நான்கு மூலையையும் மறுபடி அளங்கள். புதிய ஸ்பிரிங் 5 முதல் 10 மி.மீ. வரை அமர்வது வழக்கம். அந்த அளவு இறங்கியிருந்தால் அலைன்மென்ட்டை மறுபடி ஒரு முறை பார்த்துவிடுங்கள். 20-க்கு மேல் இறங்கினாலோ, ஒரே ஒரு மூலை மட்டும் இறங்கினாலோ, பட்டையின் சென்டர் போல்ட்டையும் ஸ்பிரிங் அடியில் உள்ள ரப்பர் சீட்டையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் எடைச் சீட்டையும், முதல் நாள் எழுதிய அளவையும், இன்றைய அளவையும் எடுத்துக்கொண்டு ஸ்பிரிங் வாங்கிய கடைக்குப் போங்கள். "சாய்ஞ்ச மாதிரி இருக்குங்க" என்பவரைத் திருப்பி அனுப்பும் கடைக்காரர்கூட மூன்று சீட்டோடு வருபவருக்கு நாற்காலி போடுவார்.